இளைத்தது கொழுப்பா, தசையா?

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர் பருமனாக இருந்தால் எடையைக் குறைக்கச் சொல்லலாமா, கூடாதா? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட மருத்துவர்கள் இதற்கு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. குறைக்காவிட்டால் முழங்காலும் சர்க்கரையும் படுத்தி எடுக்கும். குறைத்தாலோ கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், எலும்பு மெலியும், ஒரு நாள் குளியலறையில் வழுக்கினால் இடுப்பெலும்பு தாங்காது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால், இந்த வயதில் எதற்கு வம்பு என்று பலர் விட்டுவிட்டார்கள்.

அந்த வம்பை விலைக்கு வாங்கியவர் டெனிஸ் வில்லாரியல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு, 65 வயதும் அதற்கு மேலும் ஆன, பருமனான 107 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தது. ஒரு பிரிவினர் வழக்கம்போல் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும். மற்றொன்றுக்கு உடற்பயிற்சி மட்டும். நான்காம் பிரிவுக்கு இரண்டும். 2011இல் வெளியான முடிவுகள் இன்றும் நின்று படிக்க வேண்டியவை.

உணவைக் குறைத்தவர்களின் எடை 10% இறங்கியது. உணவும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 9%. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எடை அசையவே இல்லை. தராசை மட்டும் பார்த்தால் உணவை மட்டும் குறைத்த பிரிவுக்குத்தான் பரிசு. ஆனால் அவர்கள் இழந்ததில் தசையும் இருந்தது: கொழுப்பு நீங்கலான உடல் எடையில் 5% போயிருந்தது, இடுப்பெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 3% குறைந்திருந்தது. பயிற்சியும் செய்தவர்களுக்கு இந்த இழப்புகள் 3%, 1% என்று நின்றன. நாற்காலியிலிருந்து எழுவது, படியேறுவது, சட்டையை மாட்டிக் கழற்றுவது போன்ற அன்றாட வேலைகளை வைத்து உடல்திறனுக்கு மதிப்பெண் போட்டபோது, இரண்டும் செய்தவர்கள் 21% முன்னேறியிருந்தார்கள். உணவைக் குறைத்தவர்கள் 12%. எடை ஒரு கிலோகூடக் குறையாத அந்தப் பயிற்சிப் பிரிவினரோ 15%.

கடைசி எண்தான் என்னை யோசிக்க வைக்கிறது. ஒரு வருடம் பாடுபட்டும் மெஷினில் முள் நகரவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன சொல்வோம்? 'இவ்வளவு நடந்தும் ஒன்றும் பிரயோஜனம் இல்லை' என்போம். எடை குறைந்தவரைவிட அவர் எளிதாக மாடியேறுகிறார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நடையால் எடை ஏன் எளிதில் குறைவதில்லை என்பதற்கு மர்மம் எதுவும் தேவையில்லை, கூட்டல் கழித்தல் போதும். 60 கிலோ எடையுள்ளவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாவதைக் காட்டிலும் கூடுதலாகச் செலவாவது சுமார் 70 கலோரி. ஒன்றரை இட்லிக்குச் சமம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அதாவது ஒரு நாள் விடாமல், ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடாமல் நடந்தால் ஒரு கிலோ கரைய 110 நாள் ஆகும். காலையில் பூங்காவைச் சுற்றிவிட்டு வாசலில் நின்று சூடாக ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் அன்றைய கணக்கு நேராகிவிடும், மிச்சமும் விழும். வடை சாப்பிடக்கூடாது என்பதல்ல. அந்தக் கூட்டாளிகளும் அரட்டையும்தான் பலரைப் படுக்கையிலிருந்து எழுப்பி வருகின்றன, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில் நடக்கும் காரியம். நடை அதற்குத் துணை.

வயதாக ஆக உடம்பு எரிப்பது குறைந்துவிடுகிறது என்பதும் பாதி உண்மைதான். ஹெர்மன் பான்ட்சர் முதலானோர் 2021இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, பிறந்து 8 நாளான குழந்தையிலிருந்து 95 வயது வரை 6,400க்கும் மேற்பட்டவர்களின் அன்றாட ஆற்றல் செலவை அலசியது. உடலின் அளவையும் தசையையும் கணக்கில் கொண்டால், 20 முதல் 60 வயது வரை அது ஏறக்குறைய மாறவே இல்லை. நாற்பதில் போடும் தொப்பைக்கு வயதின்மேல் பழி போட வழியில்லை. 60க்கு மேல்தான் ஆண்டுக்கு 0.7% அளவில் சரிகிறது. தசை குறைந்தால் செலவு இன்னும் குறையும். அப்படி இருக்க, எடையைக் குறைக்கிறேன் என்று தசையையும் இழப்பது கைமுதலைச் செலவழிப்பதுதான்.

இழந்த தசை திரும்புவதும் எளிதல்ல. மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு கிலோ கொழுப்பு குறைந்தபோது கூடவே தசை முதலான கொழுப்பு நீங்கலான திசு 0.26 கிலோ போனது. பிறகு எடை ஏறியபோது, ஒரு கிலோ கொழுப்புக்கு 0.12 கிலோதான் திரும்பியது. கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைத்து, கல்யாணம் முடிந்ததும் ஐந்து கிலோ ஏறிய ஒரு பாட்டியின் எடை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. உடம்பு வரவில்லை, அதே எடையில் ஊளைச்சதை கூடியிருக்கிறது. இப்படி நாலைந்து சுற்று ஏறி இறங்கினால் என்னவாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2004இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் படத்தையே அருகருகே போட்டார்கள். உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1%, யாஜ்னிக்கின் உடலில் 21.2%. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23க்கு மேல் போனாலே கூடுதல் எடை என்றும், 25ஐத் தொட்டால் பருமன் என்றும் நம் மருத்துவர்கள் வரம்பைக் கீழே இறக்கினார்கள்.

ஆனால் முதுமைக்கு வந்தால் இந்த வரம்பு சங்கடத்தில் மாட்டுகிறது. 65ஐக் கடந்தவர்களைப் பற்றிய 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளிவந்த அலசலில், இறப்பு அபாயம் குறைவாக இருந்தது பி.எம்.ஐ. 24 முதல் 31 வரை உள்ளவர்களிடம். 23க்குக் கீழே போகப்போக அபாயம் ஏறியது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் மேலை நாட்டவர்கள், எனவே அப்படியே எடுத்து நமக்கு ஒட்ட முடியாது. இருந்தாலும் 70 வயதான ஒருவரிடம் 'உங்களுக்கு 24 இருக்கிறது, இரண்டு கிலோ குறையுங்கள்' என்று சொல்லும் முன் ஒரு கணம் தயங்கத்தான் வேண்டும். நான் பி.எம்.ஐ.யைவிட இடுப்புச் சுற்றளவை நம்புகிறேன். இந்திய ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை. தையல்காரரின் டேப் ஒன்று வீட்டில் இருந்தால் இன்னோர் அளவும் எடுக்கலாம்: கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றிப் பார்ப்பது. ஆசியர்களுக்கான தசைமெலிவு நிபுணர் குழு 2019இல் வகுத்தபடி, ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33க்கும் குறைந்தால் தசை மெலிந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். தொப்பை எல்லையைத் தாண்டி, கெண்டைக்கால் எல்லைக்குக் கீழே இருப்பவர்கள் நம் தெருக்களில் நிறைய. அவர்களைத் தராசில் ஏற்றினால் 'நார்மல்' என்று காட்டும்.

இனி, இதமான பயிற்சி என்ற பேச்சுக்கு வருவோம். வயதானவர்களுக்கு மெதுவான நடை போதும், பளு தூக்கினால் ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணத்தை 1990இலேயே ஒரு சிறிய ஆய்வு ஆட்டிவைத்தது. பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் பத்துப் பேரைச் சேர்த்தார். சராசரி வயது 90. தொடையின் முன்தசைக்கு எடைப் பயிற்சி, வாரம் மூன்று நாள், எட்டு வாரம். பூ மாதிரியான எடை இல்லை. ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்சத்தில் 80% வரை ஏற்றினார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174% கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து அதே குழு நூறு பேரிடம் செய்த பெரிய ஆய்விலும் வலு இரட்டிப்புக்கு மேல் கூடியது. அங்கே இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் கொடுத்ததால் வலு கூடவில்லை. டப்பாவில் வரும் புரத மாவுக்கு விளம்பரத்தில் தாத்தா பேரனைத் தூக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

ஆக, தொண்ணூறு வயதுத் தசையும் பாரம் கொடுத்தால் வளரும். கொடுக்காவிட்டால் அதிவேகமாகக் கரையும். 2007இல் வந்த ஓர் ஆய்வில், சராசரி 67 வயதான ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசை முதலான கொழுப்பு நீங்கலான திசு போயிற்று. காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்து எழுந்த பெரியவர் ஏன் பழையபடி நடமாடுவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

வில்லாரியல் 2017இல் மறுபடி வந்தார், இம்முறை 160 பேரோடு. ஒப்பீட்டுக்காக வழக்கம்போல் விடப்பட்ட ஒரு பிரிவைத் தவிர எல்லோரும் உணவைக் குறைத்தார்கள். கேள்வி: கூட நடப்பதா, பளு தூக்குவதா, இரண்டுமா? பயிற்சி செய்த மூன்று பிரிவிலும் எடை ஒரே மாதிரி 9% குறைந்தது. நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பு நீங்கலான உடல் எடையில் 5% இழந்தார்கள், இடுப்பெலும்பின் அடர்த்தியில் 3%. பளுப் பயிற்சி செய்தவர்களுக்கு 2%, 0.5%. இரண்டும் செய்தவர்கள் உடல்திறனில் முந்தினார்கள்: 21%, மற்ற இரண்டு பிரிவுக்கும் 14%. நம் ஊர் நடைமுறையைப் பார்த்தால், சாப்பாட்டைக் குறைத்து வாக்கிங் மட்டும் போவதுதான் வழக்கம். ஆய்வில் தசையை அதிகம் பறிகொடுத்த பிரிவு அதுதான்.

இதனால் நடை வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையான 1,635 பேரிடம் நடந்த லைஃப் ஆய்வில், முக்கியமாக நடையும் கொஞ்சம் கால் வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்தவர்களில் 30.1% பேர்தான் சராசரியாக 2.6 ஆண்டுகளில் 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தார்கள். உடல்நல வகுப்புகளுக்கு மட்டும் வந்து போனவர்களில் 35.5%. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. அதில் இருந்தவர்கள் முதியவர்கள் அல்ல, சராசரி 46 வயது, சர்க்கரை நோயின் விளிம்பில் நின்றவர்கள். நடையும் உணவு மாற்றமும் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பை 28.5% குறைத்தன. எடையோ பெரிதாகக் குறையவில்லை. நடந்த பலன் ரத்தத்தில் தெரிந்தது, தராசில் தெரியவில்லை.

பத்தாயிரம் அடி கணக்கு பார்த்து மனம் தளர்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்த எண் ஆய்வகத்தில் பிறந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ஐ-மின் லீ 2019இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 72 வயதான பெண்களிடம் நாளைக்கு 4,400 அடியிலேயே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நடையில் கொஞ்சம் உறைப்பு வேண்டுமானால் ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே வகுத்த முறை இருக்கிறது: மூன்று நிமிடம் விறுவிறுவென்று, மூன்று நிமிடம் ஆற அமர, இப்படி ஐந்து முறை, வாரம் நான்கு நாள். நடுத்தர வயதினரும் முதியவர்களும் ஐந்து மாதம் இப்படி நடந்தபோது தொடை வலு கூடியது, ரத்த அழுத்தம் இறங்கியது; ஒரே சீராக மெதுவாக நடந்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. நம் பூங்காக்களில் எட்டு வடிவில் தடம் போட்டு நடப்பவர்கள் என்னைக் கோபிக்கக்கூடாது. எட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை, திரும்பித் திரும்பி நடப்பதால் சமநிலைக்கு ஒரு பயிற்சி, அவ்வளவே.

அப்படியானால் பளுப் பயிற்சிக்கு ஜிம்முக்குப் போக வேண்டுமா? தேவையில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி, சுவரில் சாய்த்துப் போட்டது. நடுவில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? கலிஃபோர்னியாவில் ரிக்லியும் ஜோன்ஸும் உருவாக்கிய சோதனை இது. 65 முதல் 69 வயது ஆண் 12க்குக் குறைவாகவும், பெண் 11க்குக் குறைவாகவும் எழுந்தால் கால் வலு வயதுக்குத் தக்கபடி இல்லை. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் மதிப்பெண் சுழியம், அங்கிருந்தும் தொடங்கலாம். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிப் பழகி, வாரங்கள் போகப்போகத் தலையணையை எடுத்துவிட்டு, பிறகு இடுப்போடு ஒரு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழுந்தால் சோதனையே பயிற்சியாகிவிடுகிறது. பாஸ்டனில் செய்ததன் சாரமும் இதுதான்: பழகப் பழகப் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவது. இதமாகத் தொடங்க வேண்டும் என்பது சரி. இதமாகவே நின்றுவிட்டால் தசைக்குச் சேதியே போவதில்லை.

நம் முந்தைய தலைமுறைக்கு இது தனிப் பயிற்சியாக இருக்கவில்லை. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு எழுந்தார்கள், குந்தி உட்கார்ந்து காய் நறுக்கினார்கள், பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டார்கள். பழம்பெருமை பேச நான் வரவில்லை. அந்தக் காலத்தில் முழங்கால் வலியோடு கழிப்பறையில் எழ முடியாமல் தவித்த பெரியவர்களும் இருந்தார்கள். மேசையும் சோபாவும் மேலைக் கழிப்பறையும் அவர்களுக்கு வரம். ஆனால் வலி இல்லாதவர்களும் ஒரு நாளில் ஒரு முறைகூடத் தரையைத் தொட்டு எழாத வீடுகளாக நம் வீடுகள் மாறிவிட்டன. போன வேலைக்கு ஈடாக வேறு எதுவும் வரவில்லை.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் தயங்குவது இயல்பு. வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மெசியர் கணக்கிட்டபடி, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் அழுத்தம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. 5 கிலோ குறைந்தவருக்கு அடிக்கு 20 கிலோ மிச்சம். அவரே 454 பேரிடம் 18 மாதம் நடத்திய ஆய்வில், உணவும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு எடை 11.4% குறைந்தது, முழங்கால் வலியும் அவர்களுக்குத்தான் அதிகம் தணிந்தது. மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி ஆகாது என்பதைக் கேட்டு உட்கார்ந்தவர்கள் இரட்டை நஷ்டக்காரர்கள்.

தட்டுக்கு வருவோம், ஏனென்றால் தசை அங்கிருந்துதான் கட்டப்படுகிறது. முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது 2013இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு தந்த பரிந்துரை. 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். சைவக்காரர் ஒருவரின் சாதாரண நாளைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி, சாம்பார். மதியம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், கொஞ்சம் மோர். இரவு இரண்டு தோசை. நடுவில் இரண்டு காபி. நாற்பது கிராமைத் தொடுவதே பாடு. இதில் 'டயட்' என்று இரவுச் சாப்பாட்டை விட்டு இரண்டு வாழைப்பழத்தோடு படுத்துக்கொண்டால் முதலில் போவது புரதம்தான். குறைக்க வேண்டியது சோற்றின் அளவு. கூட்ட வேண்டியது கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர், ஒத்துக்கொள்பவர்களுக்கு முட்டையும் மீனும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் லோ சுகர் ஆகிவிடலாம். மருந்தின் அளவையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

2021இல் அறுபது கடந்தவர்கள் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6% இருப்பார்கள் என்று மத்திய அரசின் கணிப்பு சொன்னது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் எழுபது வயதுக்கு எட்டு கிலோமீட்டரைவிட, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் உட்கார்ந்து எழ ஒரு பெஞ்சும் சொல்லித்தர ஓர் ஆளும் அவசரத் தேவை. பூங்காக்களில் வைத்த இரும்புக் கருவிகளில் பலவற்றில் பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பெரியவர்கள் அவற்றில் ஊஞ்சல்தான் ஆடுகிறார்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருகிறார். படுத்த பிறகு வருபவரை, படுப்பதற்கு முன்பே பூங்காவுக்கு வாரம் ஒரு நாள் அனுப்பினால் என்ன?

இன்னும் ஒன்று இருக்கிறது, வீட்டார் கவனிக்க வேண்டியது. முயற்சி எடுக்காமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் 5% குறைந்தால் அது முதுமையில் எச்சரிக்கை. கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு என்று காரணங்கள் பல. சில நேரம் பல் போய் மெல்ல முடியாமல் சாப்பாடு குறைந்திருக்கும், அவ்வளவுதான். வாக்கிங் போகிறவர் விஷயத்தில் இது எளிதில் மறைந்துவிடுகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 5% என்றால் மூன்றரை கிலோ. சாப்பாட்டை மாற்றாமல் அரை மணி நேர நடையால் மட்டும் அவ்வளவு குறைய கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும் என்று மேலே போட்ட கணக்கே சொல்கிறது. நாலு மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தால், 'நடந்து நடந்து இளைச்சுட்டீங்க மாமா' என்று சொல்லுமுன் அவரை ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது நல்லது.